போர்முனையில் சிப்பாயின் சாமி: இளையோரிடம் பேசப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதல் உலகப்போரில் கடல் கடந்து போன இந்தியச் சிப்பாய்களின் மத நம்பிக்கையைப் பற்றிப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பிள்ளைகளிடம் பேசிவருகிறேன். பேச்சு முடிந்ததும் ஆசிரியர்கள், பெற்றோர்கள், ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறவர்கள், மதரஸா ஆசிரியர்கள் என்று பலரும் வந்து கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். அவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கேட்டவையும் சில உண்டு. கடினமானவை அவைதான்.

எத்தனையோ போர்கள் இருக்க, ஏன் முதல் உலகப்போர்?

முதல் காரணம், தூரம். கார்கில் என்று ஆரம்பித்தால் வகுப்பில் யாராவது ஒருவருடைய மாமாவோ பெரியப்பாவோ அங்கே இருந்திருப்பார். பேச்சு உடனே வேறு பக்கம் போய்விடும். நூறு ஆண்டு தள்ளிப் போய் நின்றால் பிள்ளைகள் பதறாமல் கேட்கிறார்கள்.

இன்னொரு காரணம், இந்தப் போர் விட்டுப்போன தடயங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். 74,000 பேர் வரை திரும்பவில்லை. 1914 செப்டம்பர் கடைசியில் லாகூர் டிவிஷனும் அக்டோபரில் மீரட் டிவிஷனும் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கின. அதற்கு முன் ஐரோப்பாவைக் கண்ணால் கூடப் பார்க்காத இந்துக்களும் முஸ்லிம்களும் சீக்கியர்களும் கூர்க்காக்களும் குளிருக்கேற்ற உடுப்புகூட இல்லாமல் அக்டோபரில் பதுங்குகுழிகளுக்குள் போனார்கள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், எங்கே தொழுதார்கள், செத்தவர்களை என்ன செய்தார்கள் என்று ஒவ்வொன்றையும் பிரிட்டிஷ் அரசு எழுதி வைத்தது. ஏன் அவ்வளவு அக்கறை என்பது தனிக்கதை, கீழே வருகிறது.

மதத்தைப் பற்றி வகுப்பில் பேசினால் வம்பு வராதா?

சாமி உண்டா இல்லையா, எந்தச் சாமி பெரிது என்று பேசினால் கட்டாயம் வரும். நான் கேட்பது வேறு: அந்த ஆள் எதை நம்பினார், அதனால் எதைச் செய்தார், எதைச் செய்ய மறுத்தார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்ல யாரும் எந்த மதத்துக்கும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

போர்க்காலத்திலேயே இந்தச் சிக்கல் இருந்தது. பிரான்சில் இந்தியச் சிப்பாய்களுக்காக ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் கூடாரங்கள் போட்டது. தேநீர், கடிதம் எழுதத் தாள், எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித்தர ஆள், விளையாட்டு எல்லாம் அங்கே கிடைத்தன. ஆனால் இந்தியச் சிப்பாய்களிடம் கிறிஸ்தவப் பிரச்சாரம் கூடாது என்பது நிபந்தனை. மதத்தின் பெயரால் நடக்கும் ஓர் அமைப்பு வாயை மூடிக்கொண்டு டீ ஊற்றிக் கொடுத்தது. (சேலத்தில் பிறந்த கே. டி. பால் 1916இல் அதே அமைப்பின் இந்தியக் கிளைக்கு முதல் இந்தியப் பொதுச் செயலாளர் ஆனார் என்பது கூடுதல் தகவல்.) மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

சமையலறையிலிருந்து. பதினைந்து வயதுப் பையனிடம் “நம்பிக்கை” என்று ஆரம்பித்தால் பெஞ்சுக்கு அடியில் போனை எடுத்துவிடுவான். “ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒன்பது சமையலறை ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் என்ற ஊர். அங்கே ராயல் பெவிலியன் என்று ஓர் அரண்மனை, வெங்காயக் குமிழ் கோபுரங்களோடு பார்ப்பதற்கு முகலாயர் கட்டியது போலிருக்கும். 1914 டிசம்பரிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக அது காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக இருந்தது. இந்துக்களுக்குத் தனிச் சமையல், முஸ்லிம்களுக்குத் தனி, சீக்கியர்களுக்குத் தனி. அதற்குள் மரக்கறி, இறைச்சி என்று வேறு பிரிவு. ஆட்டை ஒரே வீச்சில் வெட்டியதுதான் சீக்கியருக்கு. முஸ்லிம்களுக்கு ஹலால் செய்தது. வார்டுகளில் இந்துக்களுக்கு ஒரு தண்ணீர்க் குழாய், முஸ்லிம்களுக்கு ஒரு குழாய். அறிவிப்புப் பலகைகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில். தோட்டத்தில் கூடாரம் போட்டு ஒரு குருத்வாரா. முஸ்லிம்கள் தொழ மக்கா திசை பார்த்த புல்வெளி.

இதைச் சொல்லி நிறுத்திவிட்டு, “உங்களிடம் இந்த ஆஸ்பத்திரியைக் கொடுத்தால் எப்படி நடத்துவீர்கள்?” என்று கேளுங்கள். பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பெண், “ரெண்டு குழாயிலும் ஒரே டேங்க் தண்ணிதானே சார் வரும்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியை வைத்தே அன்றைய வகுப்பு முழுக்க ஓடியது.

பிரிட்டிஷார் இவ்வளவு மரியாதை கொடுத்தார்களா? நல்லவர்கள்தானே?

இந்தக் கேள்வி வந்தே தீரும். அதற்குப் பதில் நம்ம வேலூர்க் கோட்டையில் இருக்கிறது.

1806இல் மதராஸ் ராணுவத்துக்குப் புது உடை விதி வந்தது. நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை ஒழுங்கு செய்ய வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை போட வேண்டும். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி விழுந்தது. ஜூலை 10 விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். கோட்டையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டார்கள். பதிலடியில் அதைவிடப் பல மடங்கு சிப்பாய்கள் மாண்டார்கள். வேலூருக்கு உடையைத் தாண்டியும் காரணங்கள் உண்டு, திப்பு குடும்பம் கோட்டைக்குள்தான் சிறையிருந்தது. ஆனாலும் சிப்பாயின் நெற்றியில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை ஆட்சி அங்கே பார்த்துவிட்டது. 1857இல் தோட்டாவில் பன்றிக் கொழுப்பு, மாட்டுக் கொழுப்பு என்ற பேச்சு கிளம்பியபோது இன்னொரு முறை பார்த்தது.

ஆக, 1914இன் ஒன்பது சமையலறைக்குப் பின்னால் நூறாண்டுப் பயம் இருக்கிறது. விளம்பரமும் இருக்கிறது. ராஜா தன் அரண்மனையையே சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று பரப்பினார்கள், படங்கள் எடுத்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். உண்மையில் அந்த அரண்மனை 1850லேயே பிரைட்டன் நகரசபைக்கு விற்கப்பட்டுவிட்டது. சமைத்துப் போட்டவர்கள் சிப்பாய்களை ஊருக்குள் இஷ்டத்துக்கு நடமாடவும் விடவில்லை.

சரி, அதனால் அந்த ஏற்பாடுகள் பொய்யா? இல்லை. சோறு உண்மை, குழாய் உண்மை, குணமாகி எழுந்தவர்களும் உண்மை. ஒரு நல்ல காரியம் சுயநலத்துக்காகவும் நடக்கும் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிகிறது. பெரியவர்களுக்குத்தான் நல்லவனா கெட்டவனா என்று சீக்கிரம் தெரிந்தாக வேண்டும்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பிய காலமாயிற்றே, எப்படிப் போனார்கள்?

சிலர் பயந்துகொண்டே போனார்கள். சிலர் அதைப் பொருட்படுத்தவில்லை. சம்பளம், நிலம், குடும்பப் பெருமை என்று வேறு கணக்கு இருந்தது. நேபாளத்துக் கூர்க்காக்களுக்கு வழியே வகுத்து வைத்திருந்தார்கள்: திரும்பி வந்ததும் பானி பட்டியா என்ற சுத்திச் சடங்கைச் செய்தால் ஊரில் மறுபடி பந்தியில் உட்காரலாம். ராணுவமே அதற்கு ஏற்பாடு செய்தது. நம்பிக்கை வளைந்துகொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

நம்பிக்கை சிப்பாயைக் காப்பாற்றியதா?

“ஆமாம், பிரார்த்தனை காப்பாற்றியது” என்ற பதிலை எதிர்பார்த்துக் கேட்கிறவர்களும் உண்டு. “மூடநம்பிக்கைதான் கொன்றது” என்று கேட்க வருகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் நான் குட் அல் அமாராவைச் சொல்கிறேன்.

இன்றைய ஈராக்கில், டைக்ரிஸ் ஆற்று வளைவில் உள்ள ஊர் அது. 1915 டிசம்பரில் துருக்கியப் படை அதைச் சுற்றி வளைத்தது. உள்ளே தளபதி டவுன்ஷெண்டின் கீழ் பிரிட்டிஷாரும், பெருந்தொகையான இந்தியரும். கையிருப்பு தீரத் தீர, வண்டி இழுத்த குதிரைகளை அறுக்க ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் சாப்பிட்டார்கள். இந்தியர்களில் பெரும்பாலானோர் தொடவில்லை. இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதி வரவழைக்கப்பட்டது: உயிர் போகிற நேரத்தில் சாப்பிடலாம், பாவமில்லை. அப்படியும் பலர் மறுத்தார்கள். மாவு ரேஷனோ நாளுக்கு நாள் குறைந்தது. சத்துக் குறைவால் ஸ்கர்வி என்ற நோய் வந்தது. ஈறு வீங்கி, பழைய காயங்கள் ஆறாமல், காவல் நிற்கக்கூடத் தெம்பில்லாமல் போனார்கள். ஏப்ரலில்தான் நிறையப் பேர் சாப்பிடத் தொடங்கினார்கள். 29ஆம் தேதி படை சரணடைந்தது. ஏறக்குறைய 13,000 பேர் கைதானார்கள்.

பெரிய குருமார்களே சரி என்று சொன்ன பிறகும் ஏன் மறுத்தார்கள்? ஊர்தான் காரணம். குதிரைக்கறி தின்றவன் என்று தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. கடவுள் மன்னிப்பார், ஊர் மன்னிக்காது. இந்த இடத்தைப் பிள்ளைகளிடம் நிதானமாகச் சொல்லுங்கள். நாம் மத நம்பிக்கை என்று ஒரே சொல்லில் அடைப்பதற்குள் பக்தி, பழக்கம், மானம், ஊர்ப்பேச்சு எல்லாம் கலந்து கிடக்கிறது என்பதை அவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே எடுத்துச் சொல்வார்கள்.

சிப்பாய்கள் தங்கள் நம்பிக்கையைப் பற்றி என்ன எழுதினார்கள்?

நிறைய. ஆனால் அந்தக் கடிதங்களைப் படிக்க ஒரு எச்சரிக்கை தேவை. பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதினார்கள். பிறகு தணிக்கை அதிகாரி படிப்பார். அது சிப்பாய்களுக்கும் தெரியும். அதனால் இந்தியப் படையைக் கறுப்பு மிளகு என்றும் வெள்ளைக்காரப் படையைச் சிவப்பு மிளகு என்றும் எழுதி, எது தீர்ந்துகொண்டிருக்கிறது என்று வீட்டுக்குத் தகவல் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் தணிக்கையில் மாட்டியதால்தான் அந்த வரிகள் இன்று நம் கைக்கு வந்திருக்கின்றன.

எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்பது மறுபடி மறுபடி வரும். போரை மகாபாரதத்தோடு ஒப்பிட்டவர்கள் உண்டு. இது போரே அல்ல, உலகத்தின் முடிவு என்று எழுதியவர் உண்டு. 1915இல் எழுதிய ஒருவர், கோடைக்காற்றில் காய்ந்த காடு பற்றி எரிவதைப் போலிருக்கிறது, மனிதனால் ஒன்றும் ஆகாது, கடவுள்தான் அணைக்க வேண்டும் என்கிறார். இதை நான் வகுப்பில் வாசித்துவிட்டு, இது நம்பிக்கையா, நம்பிக்கை இழந்த பேச்சா என்று கேட்பேன். கைகள் பாதிப்பாதியாகப் பிரியும்.

ராஜாவின் உப்பைத் தின்றேன், அதற்கு நன்றி செலுத்துகிறேன் என்ற பேச்சும் அடிக்கடி வரும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உப்பு யாருடைய வயலிலிருந்து, யாருடைய வரியிலிருந்து வந்தது என்று கேட்க வேண்டியது நம் வேலை.

முஸ்லிம் சிப்பாய்கள் கலீஃபாவுக்கு எதிராகப் போரிட்டார்களே. அதைப் பேசலாமா?

பேச வேண்டும். மறைத்தால் வாட்ஸ்அப்பில் வேறு விதமாகக் கேட்டுக்கொள்வார்கள். மேல்வகுப்புக்கு மட்டும்.

1914 நவம்பரில் துருக்கி ஜெர்மனியோடு சேர்ந்தது. துருக்கி சுல்தான் கலீஃபாவும் கூட, அதாவது உலக முஸ்லிம்களின் தலைவர் என்று பலர் ஏற்றவர். பிரிட்டனுக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் எதிராகப் போரிடுவது கடமை என்று இஸ்தான்புல்லில் ஃபத்வா, அதாவது மதத் தீர்ப்பு, வெளியானது. ஜெர்மானியர்கள் இந்தியப் பதுங்குகுழிகளுக்குத் துண்டறிக்கை அனுப்பினார்கள். பெர்லினுக்குத் தெற்கே கைதிகளுக்கென்று பிறைநிலா முகாம் ஒன்று அமைத்து, அதற்குள் 1915இல் மரத்தால் ஒரு பள்ளிவாசலே கட்டினார்கள். பிரைட்டனில் பிரிட்டிஷார் சமையலறையை வைத்துச் செய்ததை இவர்கள் பள்ளிவாசலை வைத்துச் செய்தார்கள்.

இதற்குச் சிப்பாய்கள் எப்படிப் பதில் சொன்னார்கள்? ஒரே வீட்டிலிருந்து இரண்டு பதில் வந்தது. அஃப்ரிடி என்ற பட்டாணியக் குலத்தைச் சேர்ந்த ஜமேதார் (இந்திய இளநிலை அதிகாரி) மிர் மஸ்த் 1915 மார்ச்சில் சில ஆட்களோடு ஜெர்மன் பக்கம் போய்விட்டார். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான மிர் தஸ்த், அடுத்த மாதம் பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் விஷவாயுவுக்கு நடுவே நின்று தன் ஆட்களைக் காப்பாற்றினார். வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா கிராஸை பிரைட்டன் பெவிலியனில் மன்னர் கையாலேயே வாங்கினார். இரண்டு பேரும் முஸ்லிம்கள், ஒரே வளர்ப்பு. இந்தியர்களில் முதன்முதலாக அந்த விருதுக்குரிய வீரத்தைக் காட்டிய குதாதாத் கானும் முஸ்லிம்தான்; அவர் போரிட்டது 1914 அக்டோபர் 31, ஃபத்வாவுக்குச் சில நாள் முன்பு.

சிங்கப்பூரில் வேறு மாதிரி முடிந்தது. 1915 பிப்ரவரி 15 அன்று ஐந்தாவது லைட் இன்ஃபென்ட்ரி கலகம் செய்தது. தங்களைத் துருக்கியருக்கு எதிராக அனுப்பப்போகிறார்கள் என்று வதந்தி. உண்மையில் போகவிருந்தது ஹாங்காங்குக்கு. அதிகாரிகளுக்குள் சண்டை, மோசமான நிர்வாகம் எல்லாம் சேர்ந்துகொண்டன. 47 பேரைச் சிறைச்சுவருக்கு வெளியே, ஊர் கூடிப் பார்க்க, சுட்டுக் கொன்றார்கள். “முஸ்லிம்கள் விசுவாசமாக இருந்தார்களா?” என்று யாராவது கேட்டால், கேள்வியையே திருப்பிக் கேளுங்கள்: யாருக்கு விசுவாசமாக?

சாதியைப் பற்றிச் சொல்லாமல் தவிர்க்கலாமா?

கூடாது. சுக்காவின் கதை இல்லாமல் நான் இந்தப் பேச்சை முடித்ததே இல்லை.

சுக்கா, ஐக்கிய மாகாணத்து பரேலிக்காரர். துப்புரவுத் தொழிலாளி. இங்கிலாந்தில் பிரோக்கன்ஹர்ஸ்ட் என்ற கிராமத்தில் லேடி ஹார்டிங் மருத்துவமனையில் காயம்பட்ட இந்தியர்களுக்குச் சேவை செய்தார். 1915 ஜனவரியில் நிமோனியா வந்து இறந்தார், முப்பது வயது. அங்கே சொல்லப்படும் வரலாறு இது: தீண்டத்தகாதவர் என்பதால் இந்துக்கள் தங்கள் முறைப்படி எரிக்க மறுத்துவிட்டார்கள். முஸ்லிம் அல்ல என்பதால், முஸ்லிம் சிப்பாய்களை அடக்கம் செய்த வோக்கிங்கிலும் இடமில்லை என்றார்கள். கடைசியில் அந்த ஊர்ப் பாதிரியார் புனித நிக்கோலஸ் கோயில் கல்லறையில் இடம் கொடுத்தார். ஊர்க்காரர்கள் காசு போட்டுக் கல் நட்டார்கள். அந்தக் கல்லில் சுக்காவின் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அவர் கிறிஸ்தவர் அல்ல என்று வெளிப்படையாகவே பொறித்திருக்கிறார்கள். பிறர் நலனுக்காக உயிரைக் கொடுத்தவர் என்றும்.

இதைச் சொல்லும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். “பார்த்தீர்களா, எங்கள் மதம்தான் ஏற்றுக்கொண்டது” என்று யாரும் மார்தட்ட இடம் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் எத்தனை கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு சுவர் இருந்தது என்பதையும் கூடவே சொல்லுங்கள். அப்புறம், வகுப்பில் இந்தக் கதை சில பிள்ளைகளுக்கு வெறும் கதையாக இருக்காது. அவர்களைப் பார்த்துப் பேசாதீர்கள். எழுந்து பேசவும் சொல்லாதீர்கள். அவர்களாக வந்தால் நேரம் கொடுங்கள்.

செத்தவர்களை என்ன செய்தார்கள்?

சின்னப் பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான். நேராகச் சொல்லிவிடுங்கள். பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேரை ஊருக்கு வெளியே பேட்சம் குன்றின் மேல் திறந்த வெளியில், அவரவர் முறைப்படி எரித்தார்கள். சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அந்த இடத்தில் சத்ரி என்று வெள்ளைச் சலவைக்கல் மண்டபம் கட்டி 1921 பிப்ரவரியில் திறந்தார்கள். இன்றும் ஆண்டுதோறும் அஞ்சலி நடக்கிறது. முஸ்லிம்களை வோக்கிங்கில், 1889இலேயே கட்டப்பட்ட ஷாஜஹான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

“போர்முனையில் நாத்திகர் கிடையாது” என்பார்களே?

அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். போர்முனையில் நாத்திகர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். போய் நம்பிக்கையைத் தொலைத்தவர்களும் உண்டு. நம் வகுப்புகளில் பகுத்தறிவுக் குடும்பத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். பயம் வந்தால் நீயும் கும்பிடுவாய் என்று அவர்களிடம் சொல்வது வாதமே அல்ல, வம்பு.

1914 கிறிஸ்துமஸ் அன்று இரு பக்கமும் கைகுலுக்கியது உண்மையா? அதில் இந்தியர்கள் இருந்தார்களா?

உண்மை. கார்வால் ரைஃபிள்ஸ் படையினர் இருந்த பகுதியிலும் அது நடந்தது. கிறிஸ்துமஸ் கொண்டாடாத மலைநாட்டு இந்துக்களும் வெள்ளைக்காரர்களின் திருநாளில் குழியைவிட்டு வெளியே வந்தார்கள். ஆனால் முன்னணி முழுக்க அமைதி நிலவியது என்பது மிகை. சில இடங்களில் அன்றும் ஆட்கள் செத்தார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது அந்தக் கிறிஸ்துமஸின் பித்தளைப் பெட்டி. இளவரசி மேரியின் பெயரால் படைவீரர்களுக்கெல்லாம் ஒரு பரிசுப் பெட்டி போனது. பிரிட்டிஷாருக்குப் புகையிலையும் சிகரெட்டும். கூர்க்காக்களுக்கும் அதேதான். சீக்கியர்கள் புகையிலையைத் தொடமாட்டார்கள் என்பதால் அவர்களுக்குக் கற்கண்டும் ஒரு சின்ன டப்பாவில் மசாலாவும். மற்ற இந்தியர்களுக்குச் சிகரெட், கற்கண்டு, மசாலா. எல்லாப் பெட்டியிலும் வாழ்த்து அட்டை. ஆறாம் வகுப்பில் காலியான மிட்டாய் டப்பாக்களைக் கொடுத்து, யாருக்கு எதை வைப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெறும் பேச்சைவிட நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு பக்கமும் கும்பிட்டால் சாமி யார் பக்கம்?

ஒவ்வொரு ஊரிலும் ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். ஜெர்மன் சிப்பாயின் இடுப்புப் பட்டைக் கொக்கியில் “கடவுள் நம்மோடு” என்று பொறித்திருந்தது. பிரிட்டிஷ் படையோடு அவர்களுடைய பாதிரியார்கள் போனார்கள். சீக்கியப் படைப்பிரிவுகள் குரு கிரந்த சாகிபை உடன் எடுத்துச் சென்றன. மெசபடோமியாவில் இரு பக்கமும் முஸ்லிம்கள் ஒரே திசை பார்த்துத் தொழுதார்கள்.

இந்தத் தகவல்களைக் கொடுப்பேன், பதில் கொடுக்கமாட்டேன். வீட்டில் போய்க் கேட்கச் சொல்வேன். அடுத்த வாரம் தாத்தாக்கள் பாட்டிகள் சொன்ன பதில்களோடு வருவார்கள். நான் சொல்லியிருக்கக்கூடியதைவிட அவை சுவையானவை.

கடவுள் ஏன் அவரைக் காப்பாற்றவில்லை என்று குழந்தை கேட்டால்?

கேட்பது சிப்பாயைப் பற்றி மட்டும்தானா என்று முதலில் கவனியுங்கள். அப்பாவையோ பாட்டியையோ அண்மையில் இழந்த குழந்தையாக இருக்கலாம். அப்படியென்றால் வரலாற்றுப் பாடத்தை மூடிவைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்காருங்கள்.

இதில் தமிழர்கள் எங்கே?

இருந்தார்கள், ஆனால் பிரான்சில் தேடினால் அதிகம் கிடைக்கமாட்டார்கள். போர்க்குடி, போர்க்குடி அல்லாதவர் என்று பிரிட்டிஷார் வகுத்த கணக்கில் மதராஸ் ராணுவம் 1914க்கு முன்பே வெகுவாகக் குறைக்கப்பட்டிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் தேடுங்கள். 1914 நவம்பரில் தாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்ட படையில் 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபென்ட்ரியும் 61ஆவது பயனியர்களும் இருந்தார்கள். நீண்ட கப்பல் பயணத்தில் சுருண்டு கிடந்தவர்களை நேராகத் துப்பாக்கிக்கு முன் இறக்கினார்கள். அந்தச் சண்டை பெருந்தோல்வி. மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்) மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் பாலம் கட்டினார்கள், அகழி வெட்டினார்கள். மதராஸ் மக்களிடம் திரட்டிய நிதியில் ‘மதராஸ்’ என்ற பெயரிலேயே ஒரு மருத்துவக் கப்பல் ஓடியது. சென்னைப் பிள்ளைகளை ஜார்ஜ் கோட்டைக்கு அருகே உள்ள போர் நினைவுச் சின்னத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போகலாம். பேருந்தில் தினமும் அதைக் கடந்துதான் போவார்கள்.

இன்றைய ராணுவத்தில் எப்படி?

சுருக்கமாகச் சொல்லலாம். பண்டிதர், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் என்று மத ஆசிரியர்கள் இன்றும் இளநிலை அதிகாரிகளாகப் பணியில் இருக்கிறார்கள். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பில் புனித நூல்கள் வைக்கப்படும். பல முகாம்களில் எல்லா மதத்துக்குமாக ஒரே கூரையின் கீழ் சர்வ தர்ம ஸ்தலம் உண்டு. சில படைப்பிரிவுகளின் போர் முழக்கத்தில் தெய்வத்தின் பெயர் வரும். மதராஸ் ரெஜிமென்ட்டின் முழக்கத்தில் சாமியே கிடையாது: “வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!” பையன்கள் இதைக் கேட்டதும் கத்த ஆரம்பித்துவிடுவார்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எந்த வயதுக்கு எது?

பத்து வயது வரை சமையலறை, பரிசுப் பெட்டி, தலைப்பாகை போதும். (சீக்கியர்கள் இரும்புத் தொப்பியை மறுத்துத் தலைப்பாகையோடே நின்றார்கள்; இதை எல்லா வயதினரும் விரும்பிக் கேட்கிறார்கள்.) பதின்மூன்றுக்கு மேல் கடிதங்கள், குட், சுக்கா. சிங்கப்பூர்த் தண்டனையும் ஃபத்வாவும் பதினாறுக்கு மேல். பிணங்களின் படங்களை எந்த வயதுக்கும் திரையில் போடமாட்டேன்.

ஒரே ஒரு பீரியட்தான் இருக்கிறது, என்ன செய்ய?

இரண்டு நினைவுச் சின்னங்களின் படத்தை அருகருகே காட்டுங்கள். ஒன்று பிரான்சில் நெவ் ஷப்பலில், 1927இல் திறந்தது. 1915 மார்ச்சில் இந்தியர்கள் ஏராளமாக மடிந்த களம் அது. 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. தூணில் “கடவுள் ஒருவரே, வெற்றி அவருடையதே” என்ற பொருள்படும் வரி ஆங்கிலத்திலும், அரபி, தேவநாகரி, குர்முகி எழுத்துகளிலும். மற்றொன்று ஈராக்கில் பாஸ்ரா. அங்கே 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் சுவரில் பிரிட்டிஷாருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும் பெயர் உண்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும் மட்டும். இந்தப் பாகுபாட்டுக்காகப் போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. இருபது நிமிடம் பிள்ளைகளைப் பேசவிடுங்கள். மீதி நேரத்துக்குச் சுக்காவின் கல்.